வலப்பக்கத்து ஆணி

இது நடந்தது. தேதி, மணி, நிமிடம் எல்லாம் ஒரு நோட்டில் நீல மையில் எழுதப்பட்டிருக்கிறது. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பட்டப்பகல், மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

நோட்டு செல்வப்பிரியாவுடையது. எலப்புள்ளிக்காரி, கல்லூரியில் படமெடுக்கும் படிப்பு, மூன்றாம் வருடம். குறும்படம் ஒன்றை எடுத்து முடித்ததும், 'இந்தப் படத்தில் நான் கற்ற திறமைகள்' என்று ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். அவள் மட்டும் இன்னும் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். அவள் சொன்னதுதான் இது.

படத்தின் கதை அவளுடையது. மகள் வருவாள் என்று காத்திருக்கும் ஓர் எஸ்டேட் அம்மா. இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதினாள். ஆனால் டைரக்டர் யார் என்ற பேச்சு வந்தபோது சார் மௌனிகாவைக் கைகாட்டினார். மௌனிகா நன்றாகப் பேசுவாள், அவ்வளவுதான். செல்வப்பிரியாவுக்குக் கிடைத்தது கன்டினியூட்டி. ஒரு ஷாட்டில் எந்தப் பொருள் எங்கே இருந்ததோ, அடுத்த ஷாட்டிலும் அது அங்கேயே இருக்கிறதா என்று பார்க்கிற வேலை.

இரண்டு பேரும் ஒரே ஊர், ஒரே பஸ். ப்ளஸ் ஒன்னிலிருந்து சிநேகிதிகள். டிபன் பாக்ஸைத் திறந்தால் மௌனிகா பாதியை இவள் பக்கம் தள்ளிவிட்டுத்தான் சாப்பிடுவாள். அதனாலேயே இந்தப் பொறாமையை வெளியில் சொல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. மௌனிகா "கட்" என்று சொல்லும்போதெல்லாம் இவளுக்கு வயிறு எரிந்தது.

ஆனால் வேலையைக் கற்றுக்கொண்டாள், இல்லை என்று சொல்ல முடியாது. எதையும் தொடுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுப்பாள். நோட்டில் மணியைக் குறிப்பாள். டம்ளரில் பால் விடாத கட்டன் டீ எவ்வளவு, நாற்காலி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எல்லாம் எழுதுவாள். அவள் எடுக்கும் படங்கள், சிக்னல் கிடைத்ததும் குழுவில் எல்லோருடைய போனுக்கும் தானாகவே போய்ச் சேரும்படி வைத்திருந்தார்கள்.

படப்பிடிப்பு சித்திரபுரத்துக்கு மேலே, எஸ்டேட் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு பழைய லயத்து வீட்டில். கேமரா பிடித்த டின்டுவின் அத்தை மதலேனம்மாள் முப்பது வருடம் குடியிருந்த வீடு. இப்போது அவர் கீழே ரோட்டோரம் இருக்கிறார், இது பூட்டிக் கிடந்தது. படத்தில் அம்மாவாக நடித்ததும் அவர்தான். நாலு பேர். அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

காலை 10.40. மேசையில் பாதி டம்ளர் கட்டன். சுவரில் இடப்பக்கம் ஓர் ஆணி, அதில் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு சால்வை. அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து சுவரை நோக்கி நடக்கிறார். கட். மீதி சாப்பாட்டுக்குப் பிறகு. சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போக வேண்டும்.

1.08. எல்லோரும் அத்தை வீட்டுக்குச் சாப்பிடக் கிளம்பினார்கள். செல்வப்பிரியா தலைவலி என்று சொல்லி அங்கேயே இருந்துகொண்டாள். தலைவலியும் இல்லை, ஒன்றும் இல்லை.

சால்வையை இடம் மாற்ற வேண்டும். அவ்வளவுதான் திட்டம். எடுக்கும்போது அவசரத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். திரையில் ஓடும்போது சால்வை தாவும். வகுப்பே சிரிக்கும். கேட்டால், நான் சொன்னேன், மௌனிகாதான் காதில் வாங்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். காலையில் எடுத்த படம் சாட்சிக்கு இருக்கிறது.

1.22. மலைப்பனி இறங்கி ஜன்னலை மூடியிருந்தது. சுவரில், வலப்பக்கம் ஒரு முழம் தள்ளி இன்னோர் ஆணி தெரிந்தது. சால்வையை எடுத்து அதில் மாட்டினாள். யாராவது வருகிறார்களா என்று பார்க்க வாசலுக்குப் போனாள். யாரும் இல்லை.

உள்ளே ஏதோ உரசும் சத்தம். துணி சுவரில் உரசினால் வருமே, அந்த மாதிரி... ஒரே ஒரு தடவை.

1.26. திரும்பி வந்து பார்த்தாள். சால்வை இடப்பக்க ஆணியில் தொங்கியது.

நாம் மாட்டவே இல்லையோ என்று நினைத்தாள். நினைத்ததைத்தான் செய்ததாக நம்பிவிட்டோமோ? போனை எடுத்துக் காலைப் படத்தைத் திறந்து பார்த்தாள். சால்வை இடப்பக்கம். சரி. சால்வையை மட்டும்தான் பார்த்தாள்.

1.31. இடது கையில் போன். வலது கையால் சால்வையை எடுத்து மறுபடி வலப்பக்கம் மாட்டினாள். இந்தத் தடவை விரல் ஆணியில் பட்டது. இரும்பு போலச் சில்லென்று இல்லை. லேசான ஈரம். சால்வையின் கனத்துக்கு அது கொஞ்சம் வளைந்து கொடுத்தது.

பழைய சுவர். ஈரத்தில் ஊறியிருக்கும். அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

பின்னால் நாற்காலி நகர்ந்தது. கிரீச்...

திரும்பினாள். யாரும் இல்லை.

மேசையில் டம்ளர். காலை 10.40க்கு ஊற்றிய கட்டன்.

ஆவி பறந்தது.

ஓடினாள்.

1.50க்கு எல்லோரும் மேலே வந்தார்கள். வெளிறிப்போய் வாசலில் நின்றவளின் நெற்றியில் மௌனிகா கை வைத்துப் பார்த்தாள். கீழே போய்ப் படுத்துக்கொள் என்றாள். இவள் மாட்டேன் என்று அவர்கள் பின்னாலேயே உள்ளே போனாள். சால்வை இடப்பக்கம். கட்டன் ஆறி, மேலே படலம் கட்டிக் கிடந்தது. நாற்காலி காலையில் இருந்த அதே இடத்தில். எல்லாம் அப்படியே இருக்கிறதா என்று மௌனிகா கேட்டதற்கு இவள் தலையாட்டினாள். ஒரே டேக்கில் ஷாட் ஓகே.

சாயங்காலம் பஸ் அடிமாலியை நெருங்கும்போது சிக்னல் வந்தது. படங்கள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. ஜன்னலோரம் இருந்த மௌனிகா தன் போனை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அதை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, கடலை மிட்டாயில் பாதியை உடைத்து இவளிடம் நீட்டினாள்.

பன்னிரண்டு நாள் கழித்து வகுப்பில் படம் போட்டார்கள். முதல் டைட்டிலே 'கதை: செல்வப்பிரியா' என்று தனியாக வந்தது. மௌனிகாவின் பெயர் கடைசியில்தான். படம் முடிந்ததும் சார், கன்டினியூட்டியில் ஒரு குறைகூட இல்லை என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். முதலில் கை தட்டியது மௌனிகா. செல்வப்பிரியாவுக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

கேன்டீனில் மௌனிகா போனைத் திறந்து மேசைமேல் வைத்தாள். 1.31க்கு எடுத்த படம். சால்வையை மாட்டும் செல்வப்பிரியாவின் முதுகு.

"எம்மேல அவ்ளோ பொறாமையா புள்ள?"

"ஆமா," என்றாள் செல்வப்பிரியா. அழுதாள்.

"கேக்க மனசு வரல. டின்டுதான் ஒளிஞ்சு நின்னு எடுத்துட்டான்னு நெனச்சேன். நேத்து அவனக் கேட்டா, அந்நேரம் அவன் எங்கூடத்தான சோறு தின்னுட்டு இருந்தான்."

அழுகை நின்றது. இரண்டு பேரும் படத்தைப் பார்த்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கண் உயரத்திலிருந்து எடுத்த படம். கீழ் ஓரத்தில் ஆவி பறக்கும் டம்ளர். எடுத்தது செல்வப்பிரியாவின் போன் என்று அதிலேயே பதிவாகியிருந்தது.

அந்தப் போன், படத்துக்குள் அவள் இடது கையில் இருந்தது.

டின்டு அந்தப் படத்தை அத்தைக்கு அனுப்பினான். மாலை 4.15க்கு மதலேனம்மாளே செல்வப்பிரியாவைக் கூப்பிட்டார். படத்தில் இருப்பது தன் வீடுதான், தன் சுவர்தான் என்றார்.

"ஏம்மா, அந்தச் செவத்துல ஒத்த ஆணிதான. எங்க வீட்டுக்காரரு அடிச்சது. நீ எதுல மாட்டுத?"

காலை 10.40 படத்தைத் திறந்தார்கள். சுவரில் ஓர் ஆணி. இடப்பக்கம் மட்டும்.

1.31 படத்தைத் திறந்தார்கள். மௌனிகா இரண்டு விரலால் பெரிதாக்கினாள். இன்னும்... இன்னும் பெரிதாக...

சால்வை தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கிக்கொண்டிருந்த ஒன்று சுவரிலிருந்து நீண்டு, நுனி மடங்கியிருந்தது.

ஆணிக்குத் தலை இருக்கும். இதற்கு நகம் இருந்தது.