எரு போட்ட பழம்

எழுபதுகளின் கடைசியில் இரண்டு வருடம் திருவானைக்காவலில் தள்ளுவண்டியில் வாழைப்பழம் விற்றேன். அதற்கு முன் அரியமங்கலத்துப் பட்டறையில் இரும்பு ராவினேன். அதற்கும் முன் லாரியில் மூட்டை ஏற்றினேன். படிப்பு ஏழாவதோடு நின்றுவிட்டது. எந்த வேலையிலும் கால் தரிக்கவில்லை. ஆனால் வாழைப்பழத்தின் சத்து என்ன என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு பூவன் பழமும் ஒரு சொம்புத் தண்ணீரும் இருந்தால் ஒரு பகல் முழுக்க மூட்டை தூக்கலாம். தூக்கியிருக்கிறேன்.

வண்டி நிற்கும் இடத்துக்கு எதிர்வீட்டில் ஒரு டீச்சர் இருந்தார். ஞாயிறு காலை மாதா கோயில் பூசை முடிந்து, முக்காட்டை இறக்காமலே என்னிடம் வருவார். அவர் கணவருக்கு மஞ்சள் காமாலை வந்து ஈரல் கெட்டிருந்தது. சோறு உள்ளே நிற்கவில்லை. பழம் மட்டும் நின்றது.

"ஏம்பா, இது மருந்து அடிக்காத பழம்தானே? மாத்திரைகூட அவர் ஈரல் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதான் கேக்கிறேன்."

"எரு போட்ட பழம் டீச்சர். பாருங்க, எவ்வளவு சிறுசு. யூரியா போட்டா இப்படியா இருக்கும்?"

பொய் சொல்வதாக நினைத்துச் சொல்லவில்லை. பழம் சிறுத்து, தோலில் கறுப்புப் புள்ளி இருந்தால் அது எரு போட்டது என்றுதான் வண்டிக்காரர்கள் எல்லோரும் சொன்னோம். சொல்லிச் சொல்லி நாங்களே நம்பிவிட்டோம்.

ஆறு வாரம் வாங்கினார். ஏழாவது வாரம், "எந்த ஊர்த் தோட்டம்? அவருக்குக் கண்ணு இன்னும் மஞ்சளாவே இருக்குப்பா" என்றார். எனக்குத் தெரியவில்லை. அன்று மத்தியானமே நான் பழம் எடுக்கும் மண்டிக்குப் போனேன்.

மண்டிக்கு வரும் தார்களின் காம்பில் தோட்டத்துக்காரர்கள் தங்கள் அடையாளத்தை இழுத்துவிடுவார்கள். என் பழம் வந்த தாரில் மூன்று காவிக் கோடு. மண்டியில் தார் இறக்குகிறவர் பார்த்ததும் சொன்னார்: "ஜீயபுரம். வாய்க்கால் ஓரம், ஓட்டு வீடு. எதுக்கு? பொண்ணு பாக்கப் போறியா?"

மறுநாள் வண்டியைக் கட்டிப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். அந்த வீட்டுக்கார அம்மாள் வாழைக்குக் கீழே சருகு அறுத்துக்கொண்டிருந்தார்.

"எருவா? உரம் போடாம தார் தள்ளுமாப்பா? மூணு தடவை யூரியா. குருத்துல பூச்சிக்குக் குருணை மருந்து."

"அப்புறம் ஏங்க பழம் இவ்வளவு சிறுசா இருக்கு?"

"நாலாவது கட்டை. வெட்டின வாழைக்கு அடியிலேருந்து வர்ற கன்னையே நாலு தடவையா விட்டுக்கிட்டிருக்கோம். மண்ணும் ஓஞ்சு போச்சு, வாழையும் ஓஞ்சு போச்சு."

வீட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில், மூன்று வாழை தனியாக நின்றன. அடியில் சாணியும் சாம்பலும் கொட்டியிருந்தது.

"அது?"

"அது எங்க வீட்டு வாய்க்கு. அதுக்கு மருந்து கிடையாது. விக்கிறதும் கிடையாது."

டீச்சர் வீட்டுக் கதையைச் சொன்னேன். அந்த அம்மாள் அரிவாளோடு வீட்டுப் பக்கம் திரும்பினார். உள்ளே போய், அடுப்படியில் தொங்கிய தாரிலிருந்து ஒரு சீப்பு அறுத்து வந்து என் துண்டில் வைத்தார். "இது ஒண்ணுதான். திரும்ப வராதப்பா" என்றார்.

சாயங்காலம் டீச்சர் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். சீப்பை வாங்கி உள்ளே கொண்டுபோய்க் கணவரிடம் நீட்டினார். நாற்காலியில் கிடந்த சார் ஒரு பழத்தை உரித்துத் தின்றுவிட்டு, "முன்ன வந்ததுதான் நல்லா இருந்துச்சு" என்றார்.

"நீங்க சும்மா சாப்பிடுங்க" என்ற டீச்சர் என்னிடம் திரும்பினார். "இது தீந்துட்டா?"

"வேற இல்லீங்க டீச்சர்."

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லியிருக்கணும்ல?"

அதற்குப் பிறகு கேட்டவர்களிடமெல்லாம் மருந்து போட்ட பழம் என்றே சொன்னேன். பாதிப் பேர் பக்கத்து வண்டிக்குப் போனார்கள். அங்கே அது எரு போட்ட பழமாகவே இருந்தது. டீச்சர் எந்த வண்டிக்கும் வரவில்லை. சாருக்கு நொய்க்கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டினார் என்று கேள்விப்பட்டேன்.

இரண்டு மாதம் கழித்து சார் தடியூன்றித் தெருவைக் கடந்து வந்தார். கண்ணில் மஞ்சள் போய் வெளுத்திருந்தது. சட்டை தோளில் நிற்கவில்லை.

"என்னப்பா, அந்த மருந்துப் பழம் இருக்கா? ரெண்டு சீப்பு குடு."

எதிர்வீட்டு வாசலில் டீச்சர் நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருந்ததில் சின்ன சீப்பாகப் பார்த்து, ஒன்றே ஒன்று எடுத்துக் கொடுத்தேன்.