ஹால்வே துரையும் வைகையை வையும் பாட்டும்

வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐரோப்பியர் கிளப்பில் நடக்கவிருக்கும் எட்மண்ட் ஹால்வே நினைவு இசை நிகழ்ச்சியில், அவர் இசையமைத்த தமிழ்க் கவிதைகளை எழுதிய காதர் முகைதீன் ராவுத்தருக்கு இடமில்லை. இதைக் கிளப்பின் செயலாளரே இன்று காலை என்னிடம் உறுதி செய்தார். "பாடுகிறவர்கள் பக்கவாசல் வழியாக வரலாம். ராவுத்தர் பாடுகிறவர் அல்லவே. இந்தியர் ஒருவரை விருந்தினராக அழைக்க எங்கள் விதிகளில் வழியில்லை" என்றார். அவர் சொன்னதை எழுதிக்கொண்டு அவரிடமே வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "சரியாக இருக்கிறது" என்றார்.

எழுதியது சரிதான். நடப்பது சரியல்ல. ஹால்வே துரையை அறியாதவர்களுக்கும் அது ஏன் என்று விளங்க வேண்டுமானால், அவர் யார் என்பதை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

சென்ற புதன்கிழமை விடியற்காலையில் அவர் ரயில்வே ஆஸ்பத்திரியில் விஷக் காய்ச்சலால் காலமானார். அன்று நான் அலங்காநல்லூரில் ஒரு வாய்க்கால் தகராறு பற்றிப் பத்திரிகைக்காக விசாரித்துக்கொண்டிருந்தேன். மதுரையிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் என்னைப் பார்த்ததும், "அண்ணே, விசயம் தெரியுமா? பாலத்துத் தொரை போயிட்டாராம்ல" என்றார். அதே பஸ்ஸில் திரும்பினேன். ஆஸ்பத்திரி டாக்டர் நேரத்தையும் நோயையும் சொன்னார். மறுநாள் அடக்கம்.

பாலத்துத் துரை என்பது ஊர் வைத்த பெயர். ரயில்வே பாலங்களைச் சோதிக்கும் பொறியாளராக, ஐரோப்பிய யுத்தம் முடிந்த சில ஆண்டுகளில் அவர் இங்கே வந்தார். தூண்களின் கீழே மணலில் குந்தி உட்கார்ந்து விரிசல் பார்க்கும் வெள்ளைக்காரரை ஊர் அப்படித்தான் அறிந்திருந்தது. ஆனால் இங்கிலாந்தில் அவருக்கு வேறொரு பெயர் இருந்தது. கவிதைகளுக்கு இசையமைப்பவர் என்று அங்கே இசை கற்றவர்கள் அறிவார்கள். அவருடைய பாடல்கள் அச்சாகியிருந்தன. இதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. தமிழ்க் கிறிஸ்தவச் சபையின் பாடகர் குழுவுக்கு வாத்தியம் வாசிக்க ஆள் இல்லாமல், யாரோ சொல்லி அவரை அழைத்த பிறகுதான் மெல்ல வெளியே வந்தது.

அந்தக் குழுவின் முதல் குரல் ஞானம்மாள். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். முனிச்சாலையில் குடைக்கடை வைத்திருக்கும் காதர் முகைதீன் ராவுத்தர் அப்போது எங்கள் பத்திரிகையில் அவ்வப்போது கவிதை எழுதிவந்தார். "மழையே பெய்யாத ஊர்ல குடை விக்கிறவனுக்குக் கவிதை எழுத நேரத்துக்கா பஞ்சம்?" என்பார். ஹால்வே துரை அகராதியும் கையுமாகத் தமிழ் படித்துவந்தார். உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த கோடையில், வைகையைப் பற்றி ராவுத்தர் எழுதிய ஒரு கவிதை அவர் கண்ணில் பட்டது. அது இப்படித் தொடங்கும்:

பேரு மட்டும் பெரிய ஆறு,
பெரண்டு படுக்க மணலு மெத்தை;
எந்த வீட்டு வாசல்ல நீ
எறக்கி வச்ச தண்ணிய?

ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் கண்ட பொருள் சரி. மொத்தமாக அவர் புரிந்துகொண்டதுதான் தவறு. பாலங்களைப் பார்க்கும் பொறியாளர் அல்லவா? அவருக்கு ஆறு என்றால் தண்ணீர். தண்ணீர் இல்லாத ஆறு இறந்துபோன ஆறு. எனவே இழவுக்குரிய இசை ஒன்றை, மிக மெதுவாக, மிக அழகாக எழுதினார். முதல் வேகத்தில் அதன் பிரதி ஒன்றைக் கிளப்பில் பியானோ வாசிக்கும் ஒரு சீமாட்டிக்கும் கொடுத்துவிட்டார். பிறகு குழுவுக்குச் சொல்லிக்கொடுத்து, ராவுத்தரைக் கேட்க அழைத்தார். நானும் போயிருந்தேன்.

பாட்டு பாதி போயிருக்கும். பின் பெஞ்சில் இருந்த ராவுத்தர் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியது. ஹால்வே துரை வாத்தியத்திலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"என்ன பிழை, ஐயா?"

"பிழையெல்லாம் ஒன்னும் இல்ல தொரை. இம்புட்டு ஒசந்த பாட்டை நான் கேட்டதே இல்ல. ஆனா ஆறு செத்துப்போச்சுன்னு ஒங்களுக்கு ஆரு சொன்னது?"

"தண்ணீர் இல்லையே?"

"தண்ணி இல்லைன்னா செத்துப்போச்சா? அது ஊர் சுத்தப் போயிருக்கு தொரை. வரும்."

ஞானம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தார். "எனக்கும் பாடப் பாட எழவு வீட்டுல நிக்கிற மாதிரிதான் இருந்துச்சு. தொரை எழுதிட்டாகளே, நாம என்னத்தச் சொல்றதுன்னு இருந்துட்டேன்."

"நல்லா இருக்கு தாயி ஒன் மரியாதை. ஆத்தையே பொதைச்சுட்ட" என்றார் ராவுத்தர்.

மறுநாள் காலை ராவுத்தர் ஹால்வே துரையையும் என்னையும் ஆற்றுக்குள் அழைத்துப் போனார். பல ஆண்டுகளாகப் பாலத்தின் தூண்களைப் பார்த்தவர், அன்றுதான் தூண்களுக்கு இடையே இருந்த ஊரைப் பார்த்தார். வெள்ளரிப் பாத்திகள். வரிசையாக உலரும் வேட்டிகள். மணலைத் தோண்டிய ஊற்றைச் சுற்றிப் பெண்கள், யார் குடம் முதலில் வந்தது என்று சண்டை. ராவுத்தர் அங்கேயே நின்று தன் கவிதையைச் சொன்னார், வீட்டுக்கு வராத புருஷனை வாசலில் நிறுத்திக் கேட்கும் குரலில். ஊற்றில் இறங்கி நின்ற ஒரு பெண் சிரட்டையால் மொள்ளுவதை நிறுத்தி நிமிர்ந்தாள்.

"ஆத்தத்தானே வையிறீக ராவுத்தரண்ணே? நல்லா வையிங்க. அப்படியே எங்க வீட்டு ஆளுக்கும் ஒரு வரி சேத்து வையிங்க."

"ஒன் வீட்டுக்காரனாச்சும் ராத்திரிக்கு வந்துருவான் தாயி. இது அடுத்த ஐப்பசிக்குத்தான்."

"வந்து என்ன செய்ய? வாரப்ப ரெண்டு கரையவும் இடிச்சுக்கிட்டுல்ல வாரான்!"

ஊற்றைச் சுற்றி ஒரே சிரிப்பு. என்ன நடந்தது என்று ஹால்வே துரைக்கு அகராதி இல்லாமலே தெரிந்துவிட்டது. அவர் சிரித்த சிரிப்பில் தொப்பி மணலில் விழுந்தது. அதை எடுக்காமல் ராவுத்தரிடம், "மறுபடி சொல்லுங்கள்" என்றார். ராவுத்தர் மறுபடி சொன்னார். மூன்றாம் முறையும் கேட்டார்.

திரும்பும் வழியில் அவர் பாலத்தடியில் நின்று எங்கள் இருவரிடமும் சொன்னார்: "என் நாட்டில் நான் இரண்டு கவிஞர்களின் வரிகளுக்கு இசை எழுதினேன். இருவரும் என் நண்பர்களின் நண்பர்கள். இருவரும் போரில் இறந்தார்கள். அவர்கள் தங்கள் கவிதையைச் சொல்லி நான் ஒரு முறையும் கேட்டதில்லை. எந்த இடத்தில் மூச்சு வாங்குவார்கள், எந்த இடத்தில் சிரிப்பார்கள், எனக்குத் தெரியாது. அந்தப் பாடல்களை எல்லோரும் புகழ்கிறார்கள். அவையும் இப்படித் தவறாக இருக்கலாம்."

அதன்பின் இங்கே வந்து எதையும் எழுதவில்லை என்றும், ஏன் என்று இன்றுதான் தனக்கே தெரிகிறது என்றும் சொன்னார்.

பழைய இசையைத் தள்ளிவைத்துவிட்டுப் புதிதாக எழுதினார். புதிய பாட்டில் பெண்கள் ஒருவர் பேச்சை ஒருவர் முடிக்கவிடாமல் ஆற்றைத் திட்டுவார்கள். ஆண் குரல்களுக்கு ஒரு சொல்லும் கிடையாது. அவர்கள்தான் ஆறு. திட்டு வாங்கிக்கொண்டு தாழ்ந்த சுரத்தில் முனகிக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் அந்த முனகல் பெருகிப் பெண்களின் குரலை மூடும். ஐப்பசி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

அன்று தொடங்கி அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். ராவுத்தர் வாய்விட்டுச் சொல்லிக் கேட்காமல் ஒரு சுரமும் எழுதமாட்டார். மேடையிலும் அப்படியே. முதலில் ராவுத்தர் எழுந்து கவிதையைச் சொல்ல வேண்டும், பிறகே பாட்டு. இப்படி ஒன்பது பாடல்கள் பிறந்தன.

முதல் கச்சேரி ஒரு நாடகக் கொட்டகையில் நடந்தது. நம் ஊர்ச் சனங்களைச் சொல்ல வேண்டுமா? ராவுத்தர் ஆற்றுக் கவிதையைச் சொல்லி முடித்ததும், பாட்டு தொடங்குமுன்பே தரை டிக்கெட்டிலிருந்து "ஒன்ஸ்மோர்!" என்றது ஒரு குரல். கொட்டகை முழுதும் பிடித்துக்கொண்டது. ராவுத்தர் தயங்கி ஹால்வே துரையைப் பார்த்தார். அவர் பியானோவிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தலையசைத்தார். மூன்று முறை சொன்ன பிறகே பாட்டுக்கு முறை வந்தது. முடிந்தபின், "இந்த ஊரில் எனக்குப் போட்டிக்காரர் இருக்கிறார்" என்று அவர் சொன்னதில் இருந்த மகிழ்ச்சியை நான் வேறு எந்த வித்வானிடமும் கண்டதில்லை.

அந்தப் புகழ் கிளப்புக்கும் எட்டியது. அங்கே வந்து பாடல்களை அரங்கேற்றும்படி கேட்டார்கள். ராவுத்தர் எங்கே நிற்பார் என்று இவர் கேட்டார். நிற்க இடமில்லை என்றார்கள். அப்போது அவர் தந்த பதிலை என்னிடம் தமிழிலேயே சொன்னார், அப்படியே தருகிறேன்: "சொன்னவரை வாசலில் நிறுத்திவிட்டு அவர் சொல்லை மட்டும் நான் உள்ளே கொண்டுபோக மாட்டேன்." அடுத்த ஆண்டும் கேட்டார்கள். அதே பதில். கிளப்புக்குப் போவதையே அவர் நிறுத்திக்கொண்டார். அங்கிருந்த சிலர் அவரைத் தெருவில் கண்டால் பேசுவதையும் நிறுத்திக்கொண்டார்கள்.

இன்று அந்தக் கிளப் அவருக்கு நினைவு நிகழ்ச்சி நடத்துகிறது. உயிரோடு இருந்தவரை அவர் எதற்கு இணங்கவில்லையோ, அதை இறந்தபின் அவர் பெயராலேயே நடத்துகிறது. இதைவிடக் கேவலம் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. அங்கே பாடப்போவது புதிய பாட்டு அல்ல. அவர் தள்ளிவைத்த பழைய இழவுப் பாட்டு. சீமாட்டியிடம் கொடுத்த பிரதியை அவர் திருப்பிக் கேட்டதற்கு நானே சாட்சி. அது திரும்பவில்லை. இப்போது "இறந்த நதிக்கு இரங்கல்" என்று அதற்கு யாரோ ஒரு தலைப்பும் சூட்டி அச்சடித்திருக்கிறார்கள். ராவுத்தரின் பெயர் அந்தத் தாளில் எங்கும் இல்லை. இதைப் பற்றிச் செயலாளரிடம் கேட்டேன்.

"நினைவு நிகழ்ச்சிக்கு மெதுவான பாட்டுத்தான் பொருத்தம்" என்றார்.

"அவரே அதைத் தவறு என்று ஒதுக்கினாரே?"

"அது எங்களுக்குத் தெரியாது."

"இப்போது தெரியுமல்லவா?"

அவர் நிகழ்ச்சி நிரலை மடித்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தார். நான் அதையும் எழுதிக்கொண்டேன்.

ஒருவன் தன் வாழ்நாளில் செய்த ஒரு பெரிய தவறைத் தானே கண்டு, தானே திருத்தி, அதிலிருந்து தன் சிறந்த வேலையைச் செய்கிறான். அவன் கண்மூடியதும் அந்தத் தவறையே எடுத்து அவனுக்கு மாலையாகப் போடுவது அஞ்சலியா? பகைவர்கள்கூட இவ்வளவு துல்லியமாக அவமதிக்க மாட்டார்கள்.

தமிழ்ப் பாட்டைப் பாட கிளப்பில் ஆள் கிடையாது. எனவே சபைக் குருவிடம் கேட்டு, பாடகர் குழுவை வரவழைக்க ஏற்பாடாகியிருக்கிறது. ஞானம்மாளைக் குரு கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். வர மறுப்பவர்களுக்குக் குழுவில் இடமிருக்காது என்பது பேச்சின் முடிவு. ஞானம்மாளை நேற்று ஆஸ்பத்திரி வாசலில் சந்தித்தேன்.

"போகத்தான் போறேன் அண்ணே. போக மாட்டேன்னு நான் சொல்லலயே" என்றார்.

"அந்தப் பாட்டையா பாடப்போகிறீர்கள்?"

"ராவுத்தரண்ணன் எந்திரிச்சுச் சொல்லட்டும். சொன்னா, தொரை கடைசியா எழுதுனதப் பாடுறேன். சொல்லலன்னா வாயத் தொறக்க மாட்டேன். மேடையில நிக்கச் சொன்னாக, நிப்பேன். பாடச் சொல்லி என் தொண்டைக்குள்ள கைய விட்டா இழுத்துருவாக?"

"குழுவிலிருந்து நீக்கிவிடுவார்களே?"

"நீக்கட்டும். பதினஞ்சு வயசுல இருந்து அந்தக் குழுவுலதான் கெடக்கேன். அதுக்காக அந்த மனுசன ரெண்டாவது தடவை பொதைக்கச் சொல்றீகளா?"

குழுவில் இருக்கும் மற்றவர்களிடமும் விசாரித்தேன். பெண்கள் அனைவரும் அவர் பக்கம். ஆண்களில் இருவர் இன்னும் யோசிக்கிறார்கள்.

அடக்கத்தன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ராவுத்தர் கல்லறைத் தோட்டத்துக்கு வந்திருந்தார். கிளப்பைச் சேர்ந்தவர்கள் மோட்டாரில் ஏறிப் போகும்வரை மதிலோரம் நின்றார். பிறகு வந்து மூன்று பிடி மண் போட்டார். "அந்தக் கவிதையைச் சொல்லுங்கள் ராவுத்தரே. அவர் கேட்கட்டும்" என்றேன். அவர் மறுத்துத் தலையை ஆட்டினார்.

"நான் சொல்லிட்டா அவுக அடுத்து வாசிக்கணும்ல. வாசிக்க ஆள் இல்லையே. பாதியில நிக்கிற மாதிரி ஆயிரும் தம்பி."

பக்கத்தில் நின்ற ஞானம்மாளைப் பார்த்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார், பாடும் நிலையில் இல்லை. அப்படியே கலைந்தோம். ஆகவே ஹால்வே துரை இறந்த பிறகு அந்தக் கவிதையை இதுவரை யாரும் சொல்லவில்லை. அந்தப் பாட்டையும் யாரும் பாடவில்லை.

ராவுத்தரை மேடையில் அனுமதிக்கவும், திருத்திய பாட்டையே பாடவும் கோரி ஞானம்மாளும் குழுவினரும் எழுதிய மனு கிளப் செயலாளரிடம் சேர்ந்துவிட்டது. இன்று காலை எனக்குச் சொன்ன விதியைக் கமிட்டி தளர்த்துமா என்று அவரால் சொல்ல முடியவில்லை. கமிட்டி சனிக்கிழமை மாலை கூடுகிறது. அன்று இரவுக்குள் முடிவு தெரியும் என்கிறார். நிகழ்ச்சி ஞாயிறு மாலை ஆறு மணிக்கு.

ஹால்வே துரை அவர்களே, எங்கள் சொல்லைக் கேட்டுவிட்டு எழுதியவர் நீங்கள். நிம்மதியாகப் போய்வாருங்கள். கமிட்டியின் பதில் எதுவானாலும் ஞானம்மாள் ஆறு மணிக்கு அந்த மேடையில் இருப்பார். ராவுத்தர் உள்ளே இருந்து சொன்னால் இவர் பாடுவார். இல்லாவிட்டால் நிற்பார்.