பொட்டு வைத்த டிஸ்க்

கம்ப்யூட்டருக்குப் பொட்டு எங்கே வைப்பீர்கள்? திரையிலா? கீபோர்டிலா? மலேசியாவில் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியாக இருக்கும் லெட்சுமி அக்காவுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. டிஸ்க்கில் வைத்துவிட்டார்!

போன வாரம் ஆயுத பூஜை. தோட்டத்தில் பால் வெட்டும் கத்தி, லாரி, டைப்ரைட்டர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ஈப்போ தலைமை அலுவலகம் புதிதாக அனுப்பிய கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவிட முடியுமா? கூடவே வந்த டிஸ்க்குகளையும் உறையிலிருந்து எடுத்து, நீளமாக ஓட்டை தெரிந்த இடத்தில் அழகாக ஆளுக்கொரு பொட்டு. அந்த ஓட்டை வழியாகத்தான் மெஷின் டிஸ்க்கைப் படிக்கும் என்று அவருக்கு யார் சொன்னது?

மறுநாள் நான் போய் டிஸ்க்கைப் போட்டேன். கரகரவென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்...

நான் அந்த ஈப்போ அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் குப்பை கொட்டுபவன். தோட்டத்தில் உட்கார்ந்து தட்டினால், டெலிபோன் லைன் வழியாக ஈப்போ மெஷினில் வேலை நடக்க வேண்டும். அதற்கான சாஃப்ட்வேரைப் போடத்தான் போயிருந்தேன். அன்று சாயந்திரத்துக்குள் லைன் கிடைக்காத தோட்டங்களில் ஆபீஸை மூடிவிடுவதாக மேலிடம் முடிவு செய்திருந்தது. ஆபீஸ் போனால் அக்காவின் வேலை போகும். வேலை போனால்? தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டியதுதான்.

“வீடு போச்சுன்னா பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு எங்கலா போறது, தம்பி?” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது – யார் மேல் என்று கேட்காதீர்கள். “லைன் கிடைக்காம நான் ஈப்போ திரும்ப மாட்டேன்க்கா” என்றேன்.

புது டிஸ்க் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும். என் பையில் இருந்ததோ அதே சாஃப்ட்வேரின் பழைய பதிப்பு. பழசைப் போட்டு நேரத்தை வீணாக்காதே என்று ஈப்போ மேனேஜர் போனில் சொன்னார். சரி சார் என்றேன். போட்டேன்!

கம்ப்யூட்டரை உள்ளிருந்து ஓட்டும் இந்த யூனிக்ஸ் இருக்கிறதே, சரியான பிடிவாதக்காரன். பழைய சாஃப்ட்வேர் ஒழுங்காக ஏறியது. ஓட்டினால் ‘மோடம் இல்லை’ என்றது. கம்ப்யூட்டரை டெலிபோனோடு இணைக்கும் அந்த மோடம் பெட்டியின் விளக்கு கண்ணெதிரே மின்னுகிறது... இல்லையாம்! அழித்தேன். திரும்பப் போட்டேன். அக்கா வைத்த சோறு ஆறிப்போனது. கடைசியில் கையேட்டைப் புரட்டும்போதுதான் பிடிபட்டது. மோடம் செருகிய இடத்துக்குப் பழைய சாஃப்ட்வேர் அறிந்த பெயர் ஒன்று, இந்தப் புது மெஷின் வைத்திருக்கும் பெயர் வேறு. ஐசி அடையாள அட்டையில் ஒரு பெயர், லயத்து வீடுகளில் கூப்பிட ஒரு பெயர் என்று நம்மில் எத்தனை பேர் இல்லை? பழைய பெயரையும் சேர்த்துக் கொடுத்தேன். மோடம் கிடைத்துவிட்டது.

லைன் போய்ச் சேர்ந்தது. பாதியில் அறுந்தது! தோட்டத்து ரப்பர் ஃபேக்டரிக்கும் அதே லைன்தான். யாரோ எடுத்து ஹலோ சொல்லியிருக்கிறார்கள். அக்கா நேரே போய் ஃபேக்டரி போனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வேலையாட்களை மேய்க்கும் மண்டோரைக்கூடப் போனைத் தொட விடவில்லை.

இந்தத் தடவை லைன் அறுந்துபோகவில்லை. அன்றைய பால் கணக்கு முழுவதும் ஈப்போவுக்குப் போய்ச் சேர்ந்தது. லைனை வைத்ததும் மேனேஜர் கூப்பிட்டார். ஆபீஸை மூடவில்லை என்றார்.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து சேலையை உதறிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

“அப்ப நான் வாரேன், தம்பி. மழை வருது, வீட்டுல துணி காயுது.”

நனைந்தால் நனையட்டுமே... காயப்போட வீடு இருக்கிறதே!