இடமிருந்தால் ஏறலாம்

போன வாரம் இந்திராநகரில் ஒரு காபிக் கடைக்குப் போயிருந்தேன். சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நீல ரெக்ஸின் தோள்பையை மாட்டி, அதற்குத் தனியாக விளக்கு வேறு போட்டிருந்தார்கள். பையின் ஒரு பக்கம் மூக்கை உயர்த்திக் கிளம்பும் ஜெட் விமானத்தின் படம். காபி கொண்டுவந்த பெண் நான் பார்ப்பதைக் கவனித்து, "வின்டேஜ் சார்" என்றாள். அதே பையில் எங்கம்மா வெங்காயம் போட்டு வைத்திருந்தாள் என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். பெட்டி மூடித்தான் இருந்தது. ஆனாலும் வெயிலில் கிடந்த ரெக்ஸின் வாடை மூக்கில் ஏறிவிட்டது. அதற்குமேல் உட்கார முடியவில்லை, காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

எங்கேயும் நிம்மதியாக உட்கார முடியாத இந்த வியாதி எனக்கு விமானத்தால் வந்தது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

அப்பா ஒரு விமானக் கம்பெனியில் சாமான் பிரிவில் வேலை பார்த்தார். ஜெட் விமானங்கள் புதிதாக வந்த காலத்தில் சேர்ந்தவர்; அந்த முதல் மோகம் அவருக்குக் கடைசிவரை தெளியவேயில்லை. அப்போது பயணிகளுக்குக் கொடுத்த பொருள்களில் மிஞ்சியதெல்லாம் விவேக் நகரில் எங்கள் இரண்டு அறை வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. அந்த நீலத் தோள்பை, காகித விசிறி, சீட்டுக்கட்டு, ராஜா ராணி படம் போட்ட சாப்பாட்டுப் பட்டியல் அட்டை, வால் உடைந்த ஒரு பிளாஸ்டிக் விமானம். முத்திரை குத்திய கரண்டியால்தான் நாங்கள் உப்புமா சாப்பிட்டோம். குமட்டினால் வாயருகே பிடிக்கிற பைகளில் அம்மா மல்லியும் மிளகாயும் கொட்டி வைத்திருந்தாள். அது என்ன பை என்று தெரியாதவரை விருந்தாளிகளுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது.

எங்களுக்கு இலவச டிக்கெட் உண்டு என்று கேட்டதும் தெருவில் பெருமூச்சு விடாதவர் இல்லை. ஆனால் அந்த டிக்கெட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. இடம் இருந்தால் ஏறலாம். காசு கொடுத்தவர்கள் எல்லோரும் ஏறி, கடைசி நிமிடத்தில் ஓடி வருபவரும் ஏறி, அதற்குப் பிறகும் இருக்கை மிஞ்சினால்தான் ஊழியர் குடும்பத்தைக் கூப்பிடுவார்கள். அதற்காக ஷூ போட்டு, தலை வாரி, பட்டுப்புடவை கட்டிக் காத்திருக்க வேண்டும். ஓசி டிக்கெட் என்று பக்கத்துச் சீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது என்பது அப்பாவின் தனிச்சட்டம். ஒருமுறை மெட்ராஸ் விமானத்தில் பெல்ட் மாட்டி, தட்டில் நீட்டிய மிட்டாயை எடுத்து வாயில் போட்ட பிறகு எங்களை இறக்கிவிட்டார்கள். மிட்டாயைத் துப்பிவிட வேண்டுமா என்று நான் அப்பாவைக் கேட்டேனாம்.

அதனால் எந்த ஊருக்கும் எந்த நாளில் வருகிறோம் என்று நாங்கள் யாருக்கும் சொன்னதில்லை. பறந்ததைவிடப் பெட்டி கட்டி, அவிழ்த்ததுதான் அதிகம். ரயிலுக்கு வரிசையில் நிற்பதை மட்டும் அப்பா அவமானமாக நினைத்தார். பம்பாயில் இருந்த அம்மாவின் தம்பி சேகர் மாமாதான் ரயிலில் கரி படிந்த முகத்தோடு எங்களைப் பார்க்க வருவார். அம்மா ஒருமுறைகூட அங்கே போனதில்லை. சீட்டு கிடைத்ததில்லை, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பம்பாயிலிருந்து போன் வந்தது. மாமாவுக்கு இதயத்தில் கோளாறு, வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன். அதற்கு முன்னால் அக்காவைப் பார்க்க வேண்டும் என்று படுத்துகிறார் என்றாள் மாமாவின் மனைவி.

புதன்கிழமை காலையிலேயே மூன்று பேரும் விமான நிலையத்துக்குப் போய்விட்டோம். போகவேண்டியவர்கள் அவர்கள் இரண்டு பேர், வழியனுப்ப நான். லீவு நேரம், எல்லா விமானமும் நிறைந்திருந்தது. கவுண்டரில் அப்பாவின் நண்பர் ஆண்டனி ஒவ்வொரு முறையும் எங்களைப் பார்த்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அன்று ராத்திரியே ரயில் ஏறிவிடலாம் என்று அம்மா சொன்னதற்கு, நாளைக்குக் கிடைத்தால் ரெண்டு மணி நேரத்தில் போய் இறங்கிவிடுவோம், எதற்கு ஒரு நாள் முழுக்க ரயிலில் வேகவேண்டும் என்று அப்பா தடுத்துவிட்டார். கணக்கு என்னவோ சரிதான்.

வியாழக்கிழமையும் காலை விமானம் போயிற்று, மதிய விமானமும் போயிற்று. அம்மா உட்கார்ந்தாள், எழுந்தாள், கண்ணாடிவரை நடந்துபோய்த் திரும்பினாள். அப்பா, "இன்னும் ஒரு ஃபிளைட் பாக்கலாம், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணும்மா" என்றார்.

"நீங்க பாத்துக்கினே இருங்க. நான் ரயிலுக்குப் போறேன்."

சொன்ன வேகத்தில் வாசலைத் தாண்டிவிட்டாள். பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். ஆட்டோவில் மெஜஸ்டிக் ஸ்டேஷன். முன்பதிவில்லாத பெண்கள் பெட்டியில், கசங்கிய பட்டுப்புடவையோடு, நிற்க ஒரு இடம் கிடைத்தது. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அப்பாவ எதாச்சும் சாப்பிடச் சொல்லு" என்றாள். அந்த ரயில் மறுநாள் மத்தியானம்தான் போய்ச் சேரும் என்று அவளுக்கும் தெரியும்.

திரும்பி வந்தால் வீடு பூட்டியிருந்தது. நாங்கள் கிளம்பிய பிறகு சாயங்கால விமானத்தில் ஒரே ஒரு இடம் காலியானது என்று ஆண்டனி போனில் சொன்னார். அப்பா ஓடிவந்து ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்தாராம். பிறகு ஏறிவிட்டாராம்.

அன்று இரவுக்குள் அப்பா மாமாவின் கட்டிலருகே இருந்தார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்தாராம்.

"அக்கா எங்க அத்தான்?"

"பின்னாடியே வந்துக்கினு இருக்காப்பா."

வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மா ஸ்டேஷனிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். காலையில் உள்ளே கொண்டுபோன மாமா உயிரோடு வெளியே வரவில்லை.

அம்மா அப்பாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஊர் திரும்பிய வாரம் மல்லியையும் மிளகாயையும் எவர்சில்வர் டப்பாக்களுக்கு மாற்றினாள், அவ்வளவுதான். அப்பாதான், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், "ஒரு சீட்டுதான் இருந்திச்சு" என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. அது அடங்கி, பாவம் மனுஷன் என்று தோன்றியபோது அவர் இல்லை.

ஆண்டனியும் இப்போது இல்லை. அந்தப் பழைய நிலையத்தை மூடி, விமானங்களை ஊருக்கு வெளியே எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். மூடுவதற்கு முந்தைய வருடம் மாமா மகள் கல்யாணத்துக்கு, கம்ப்யூட்டரிலேயே இருக்கை எண்ணோடு டிக்கெட் எடுத்து அம்மாவைக் கூட்டிப்போனேன். பையை மடியைவிட்டு இறக்க மாட்டேன் என்றாள். யாராவது நடைவழியில் வந்தால் எழுந்துகொள்ளத் தயாராக முன்னால் நகர்ந்தாள். பாதியில், மேகத்துக்கு மேலே, சற்றே சாய்ந்து உட்கார்ந்தாள். சக்கரம் தரையைத் தொட்டதும் திடுக்கிட்டு என்னைப் பார்த்து, இதற்குள் எந்த ஊர் வந்துவிட்டது என்று கேட்டாள். பம்பாய் என்றேன். ஜன்னல் பக்கம் சாய்ந்து வெளியே பார்த்தாள்.

"இவ்ளோ கிட்டவாடா இருந்திச்சு?"