உல்லன் கடை வாசல்

எனக்கு அப்போது ஏழாம் மாதம். கணவர் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை பார்த்தார். பிறக்கப்போகும் பிள்ளைக்கு உல்லன் சட்டை பின்னிக்கொண்டிருந்தேன். உடம்புப் பகுதி முடிந்து கை பின்னும்போது நூல் தீர்ந்துபோயிற்று. அதே சிவப்பு வேண்டுமே என்று, மிச்சமிருந்த சிறு உருண்டையைப் பையில் போட்டுக்கொண்டு, வாங்கிய கடைக்கே போனேன்.

ஏரிக்கு இறங்கும் சரிவில் இருந்த பெரிய கடை அது. பிஸ்கட் டின்னிலிருந்து பூட்ஸ் வரை எல்லாம் திறந்த அலமாரிகளில் இருக்கும். தொட்டுப் பார்த்து எடுக்கலாம். அதற்காகவே எனக்கு அந்தக் கடையைப் பிடிக்கும். அன்று வாசலில் காக்கிக் கோட்டுப் போட்ட ஒரு வாட்ச்மேன் நின்றார். கடையில் களவு போனதால் அவரைப் புதிதாக வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

உள்ளே நான் நகர நகர அவரும் நகர்ந்தார். தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் பக்கம் அவர் போகவில்லை. நூல் அலமாரி முன் நின்றபோது அவர் மூச்சு என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. பையிலிருந்த உருண்டையை எடுத்து ஒத்துப்பார்க்கவும் பயம். ஒன்றும் வாங்காமலே வாசலுக்குத் திரும்பினேன்.

"பையத் தொறங்கம்மா" என்றார் வாட்ச்மேன்.

உருண்டை வெளியே வந்தது. பில் எங்கே என்று கேட்டார். பில் எப்போதோ அடுப்புப் பற்றவைக்கப் போயிருக்கும். போன முறை வாங்கியது என்று சொன்னேன். முதலாளி வரட்டும் என்று கடைக்குப் பின்னாலிருந்த சரக்கு அறையில் உட்காரவைத்தார்.

போலீஸ் வருமோ, பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்துவிடுமோ, கணவர் வேலையும் இருக்கிற வீடும் போய்விடுமோ என்று பயந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, வயிற்றில் பிள்ளை அசையவில்லை என்று தோன்றியது. அதன் பிறகு மற்ற பயமெல்லாம் சின்னதாகிவிட்டது.

கோயிலில் முகம் பார்த்துப் பழகிய டீச்சர் ஒருவர் அன்று கடைக்கு வந்திருந்தார். என்னை உட்காரவைத்ததைப் பார்த்துச் சரக்கு அறைக்குள் வந்தார். வாட்ச்மேன் அவரை வெளியே போகச் சொன்னார்.

"இவங்க வெளிய வர்ற வரைக்கும் நானும் இங்கனதான் இருப்பேன்" என்று சொல்லி ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்தார். நூலை எடுத்தாயா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாட்ச்மேன் கதவோரம் நின்றபடி தாழ்ந்த குரலில் சொன்னார்: "முந்தாநாளும் ஒரு சாமானக் காணோம். இனி ஒண்ணு போனா ஏஞ் சோலி போயிரும் தாயி. மன்னவனூர்ல புள்ளைக கெடக்குதுக."

சொல்லும்போதே முதலாளி வருகிறாரா என்று எட்டி எட்டிப் பார்த்தார். அவரும் பயந்திருந்தது எனக்கு ஆறுதலாக இல்லை. பயந்துபோன மனுசனுக்கு யாராவது ஒரு திருடி அகப்பட்டே ஆகவேண்டுமே என்றுதான் தோன்றியது.

முதலாளி வந்ததும் டீச்சர், கடையிலிருக்கும் சிவப்பு நூலைக் கொண்டுவந்து இதோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள் என்றார். பார்த்தார்கள். கடை நூல் கோவைப்பழச் சிவப்பு. என்னுடையது காய்ந்த மிளகாய் நிறம். அது போன லோடு, எப்போதோ விற்றுத் தீர்ந்தது என்று சிப்பந்தி ஒருவர் சொன்னார். முதலாளி உருண்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

"சரி, போங்க."

டீச்சர் என் முழங்கையைப் பிடித்து மேட்டில் ஏற்றினார். பாதி ஏற்றத்தில் பிள்ளை ஒரு உதை உதைத்தது. அப்போதுதான் அழுதேன்.

சட்டைக்கு வேறு சிவப்பில் கை வைத்தேன், பஜாரில் வாங்கிய முரட்டு நூலில். டீச்சர் சொல்லி அவர் பள்ளிக்கூடத்துப் பெண்கள் அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரி நர்சுகளும் நிறுத்தினார்கள். அடுத்த சீசனில் வாட்ச்மேன் இல்லை. மன்னவனூர்ப் பிள்ளைகள் என்ன ஆனார்களோ, யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மகளுக்கு நாலு வயதானபோது ஒரு தரம் அந்தக் கடைக்குள் போனேன். அலமாரிகளுக்கெல்லாம் கண்ணாடி போட்டுப் பூட்டியிருந்தார்கள். மகள் கண்ணாடியில் கை வைத்தாள். சிப்பந்தி சாவிக்கொத்தோடு எங்களை நோக்கி வந்தார். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மழை பெய்யத் தொடங்கியிருந்தது. அவளுக்கு மழைக்கோட்டு வாங்கத்தான் போயிருந்தேன்.