அம்மாவின் தோளுக்கு அப்பா வாங்கிய உழிச்சில்

சூடான எண்ணெயும் பூண்டும் கலந்த வாடை அப்பாவின் முதுகோடு வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்; அப்போது ஐந்தாம் வகுப்புதான் படித்துக்கொண்டிருந்தேன், ஆனாலும் கோபப்படத் தெரியும். அந்த எண்ணெய் அம்மாவுக்காகக் காய்ச்சியது.

இராஜாக்கமங்கலத்தில் எங்கள் வீட்டருகே குளத்துப் படியில் சறுக்கி விழுந்ததில் அம்மாவின் வலது தோள் பிடித்துக்கொண்டது. கையைத் தூக்க முடியாமல், என்னைத் தரையில் உட்காரவைத்துத்தான் சடை பின்னுவாள். எலும்பு முறியவில்லை, "உழிச்சில்" போட்டால், அதாவது எண்ணெயிட்டுக் கையால் அழுத்தித் தடவினால், சரியாகும் என்றார் பக்கத்து ஊரில் வைத்தியம் பார்க்கும் ஆசான். ஆனால் அவர் பெண்களைத் தொடமாட்டார். மனைவிக்கு நோவென்றால் புருஷனை உட்காரவைத்து அவன் தோளிலேயே செய்துகாட்டுவார். அவன் படித்துவந்து வீட்டில் செய்யவேண்டும், அதுதான் அவரது வழக்கம்.

அப்பா நாள் தவறாமல் படிக்கப் போனார். திரும்பி வந்து, "ஏட்டி, என்னா சொகம் தெரியுமா, கண்ணு சொக்குது" என்று பாயில் விழுந்தால் குறட்டைதான். ஒருநாள் அம்மா வாய்விட்டே கேட்டாள்: "எனக்கு எப்பம் போடுவிய?"

"முழுசா படிக்காண்டாமா? அரைகொறையா புடிச்சா நரம்பு கோளாறாயிரும்."

கோயிலில் பெண்களெல்லாம், "பெஞ்சாதிக்காவ எவன் இப்பிடி நடப்பான்?" என்று அப்பாவை மெச்சினார்கள். இன்றும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. எண்ணெய் தீர்ந்தது, படிப்பும் நின்றது, அம்மாவின் தோளில் ஒரு சொட்டுப் படவில்லை.

ஆசானும் இன்று இல்லை, அந்த வழக்கமும் இல்லை. தொலைந்துபோனதில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. போன மாதம் நாகர்கோவிலில் ஆஸ்டியோபதி என்று பலகை மாட்டிய ஓரிடத்துக்கு அம்மாவை அழைத்துப்போனேன். மூட்டும் தசையும் எங்கே இறுகியிருக்கின்றன என்று கையாலேயே தேடி, கையாலேயே இளக்கப் பார்க்கும் முறை அது. தோள் வலிக்குக் கழுத்தையும் முதுகையும் சேர்த்தே பார்க்கிறார்கள். எல்லா நோயும் இதில் தீராது, முறிவென்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்று சிகிச்சை செய்யும் பெண்ணே முதலில் சொல்லிவிட்டாள். எனக்கு அதில் புதுமையாகப் பட்டது ஒன்றுதான்: வலி யாருக்கோ, அவர்மேல் கை வைக்கிறார்கள்.

அவள் அம்மாவின் கையைத் தாங்கி மெல்லத் தூக்கினாள். காதுவரைகூட வரவில்லை.

"நோவு கொஞ்சம் கொறையும்மா. கை முழுசா மேல போறது கஷ்டம். ரொம்ப வருஷமாச்சுல்லா."

வெளியே காத்திருந்த அப்பா, எண்பதைத் தாண்டியவர், இரண்டு கைகளையும் தலைக்குமேல் நீட்டிச் சோம்பல் முறித்தார். "ஆசானுக்க கையிக்க கொணம் பாத்தியா? எனக்கு இன்னிக்கு வரைக்கும் தோள் நோவுன்னு ஒண்ணு கெடையாது."

அம்மா சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை.