கண்ணியப்பன் ஏன் மாத்திரைக்கு வரவில்லை

காசநோய் மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாமல், எங்கள் கண்ணெதிரே விழுங்க வைக்கும் திட்டம் அடையாறு பக்கம் வந்த புதிது. தொண்ணூறுகளின் பிற்பாதி. வாரம் மூன்று நாள் மருந்தகத்தில் மாத்திரை கொடுப்பது என் வேலை. வராத நாளுக்குக் கார்டில் வட்டம் போடுவோம். நான் சேர்ந்த முதல் மாதமே கண்ணியப்பன் கார்டில் ஐந்து வட்டம்.

அவர் ஆட்டோ டிரைவர். ஆற்றோரக் குடிசையில் மனைவி, கைக்குழந்தையோடு ஒரே அறை. சளிப் பரிசோதனையில் பாசிட்டிவ். இரண்டு டோஸ் போட்டவர் அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போனால் மனைவி, "அது காலைலயே வண்டிய எட்த்துக்கினு போய்டுச்சும்மா" என்பாள். ஸ்டாண்டுக்குப் போனால் என் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததுமே வண்டியைக் கிளப்பிவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை கோட்டை மடித்துப் பையில் வைத்தேன். பின்பக்கமாகப் போய் அவர் ஆட்டோவில் ஏறி, "நந்தனம் போப்பா" என்றேன். பாலம் தாண்டியதும் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"அய்ய, மாத்திர அம்மாவா! இன்னாம்மா இது?"

வண்டி ஓரமாக நின்றது.

"வீட்ல பச்சக் குழந்தைய வெச்சுக்கிட்டு இப்படி இருமறீங்களே, பயமா இல்லையா?" கோபமாகத்தான் கேட்டேன்.

அவர் திரும்பவில்லை. "பயந்துகினுதாம்மா வர்ல. மாத்திர போட்ட அன்னிக்கி ஒண்ணுக்குப் போனா ரத்தமா வந்துச்சு. உள்ள எல்லாம் பூட்ச்சுன்னு நெனச்சேன். பொண்டாட்டியாண்ட கூட சொல்லல."

எனக்குச் சுருக்கென்றது. அதில் ஒரு மாத்திரை சிறுநீரைச் சிவப்பாக்கும். ரத்தமில்லை, ஆபத்துமில்லை. பயிற்சியில் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். அவரிடம் சொல்ல மறந்திருந்தேன்.

"அது வெறும் கலருங்க. தப்பு என்னுது. முதல் நாளே சொல்லியிருக்கணும்."

திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "அட போம்மா! வண்டிய தம்பிக்காரன் பேர்ல மாத்திடலாம்னு அவனாண்ட பேசிக்கினு கீறேன் நானு!"

ஆட்டோவை அப்படியே மருந்தகத்துக்குத் திருப்பினார்.

சிகிச்சை முடிய ஆறு மாதத்துக்கு மேலேயே ஆனது. கடைசிச் சளிப் பரிசோதனை நெகட்டிவ். குழந்தைக்கும் ஒன்றுமில்லை. கடைசி டோஸ் அன்று, புதிதாக வந்த ஒரு அம்மாள் கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு முழித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பெஞ்சிலிருந்து கண்ணியப்பன் குரல் கொடுத்தார்: "யக்கா, செவப்பா போவும். கலர்தான், பயந்துக்காத!"

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வராதவரைத் தேடிப் போகும்போது திட்டுவதற்காகப் போகாதீர்கள். என்ன ஆச்சு என்று கேட்கப் போங்கள்.